கித்தாருக்குப் பிக்கப் தெரிதல்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்திய இரண்டு சாசனங்கள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறுவன என்பதை நம் மாணவர் பலரும் சரித்திர வகுப்பிற் கேட்டிருப்பர். ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்த செய்தியையே பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் அச்சாசனத்தைப் பொறுமையுடன் நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். குடத்தில் ஓலை விழுவதற்கு முன்னரே பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகின்றது. 35 வயதுக்குக் குறைந்தோர், 70 வயதைக் கடந்தோர், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் இல்லாதோர், தம் மனையில் வீடு இல்லாதோர், முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதோர் ஆகியோரெல்லாம் முதலில் நீக்கப்படுகின்றனர். தகாதவரை விலக்குதலே தேர்தலின் முதற்படி என்பது அவ்வூரார் கண்ட நெறி. திருக்குறளிலும் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் அதிகாரம் ‘தெரிந்துவினையாடல்’ என்னும் அதிகாரத்திற்கு முன்னர் நிற்றல் ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்நெறி மனிதரைத் தெரிவதற்கு மட்டுமன்றிப் பொருள்களைத் தெரிவதற்கும் ஏற்றதென்பதை, அவ்வுத்திரமேரூருக்கு அணித்தான சிற்றூர் ஒன்றில் யாம் கண்டறிந்தோம். அவ்வூர்த் திருச்சபையில் பழைய கித்தார் ஒன்று உண்டு. வீணையின் குடம்போல உள்ளே வெறுமையாய், மேற்பலகை வளைந்து, பலகையின் இரு பக்கங்களிலும் வளைந்த துளைகள் வெட்டப்பட்டது. மின்சாரத்தால் ஒலி பெருக்கும் வகையைச் சேர்ந்தது. பல ஆண்டுகள் கீர்த்தனைகளுக்கும் ஞானப்பாடல்களுக்கும் துணைநின்ற அக்கருவி, ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் நடுப்பாட்டில் ஊளையிட்டுப் பின்னர் அறவே ஓய்ந்தது. சபை மூப்பர்கள் அதனை விற்றுவிடலாம் என்றனர். நகரத்துப் பழுதுபார்ப்பவர் ஒருவரோ, மேற்பலகையை இரம்பத்தால் அறுத்துப் பெரிய பிக்கப் இரண்டு பதித்தாலன்றி வேறு வழியில்லை என்றார். அதை வாசித்துவந்த இளைஞர் எம்மிடம் வந்து, “ஐயா, அறுக்கலாமா, வேண்டாமா? அறுத்துவிட்டால் பிறகு ஒட்ட முடியாதே” என்று வினவினார். அவ்வினாவிற்கு விடையாக யாம் கற்றவற்றையும் செய்தவற்றையும் ஒழுங்குபடுத்தி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிக்கப் என்பது யாது?

பிக்கப் என்பது தந்தியின் அசைவை மின்சார அசைவாக மாற்றும் சிறு கருவி. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றினால் அது பிக்கப் ஆகும். கம்பியின் தடிப்பு பெரும்பாலும் 0.063 மில்லிமீட்டர் அளவினது. அஃதாவது தலைமயிரின் தடிப்பையொத்தது. காந்தத்திற்கு மேலாக எஃகுத்தந்தி நிற்கின்றது. அத்தந்தியும் காந்தத்தின் சார்பினால் தானும் சிறிது காந்தத்தன்மை பெறுகின்றது. தந்தியை மீட்டியவுடன், சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாய்வு தந்தியின் அசைவுக்கேற்பக் கூடியும் குறைந்தும் வருகின்றது. காந்தப்பாய்வு மாறுமிடத்துச் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்தார். நம் பௌதிக வகுப்பில் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தும் வெளியே இழுத்தும் ஊசி அசைவதைக் காட்டுகின்றோமன்றோ? அச்சோதனையே கித்தாரில் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழ்கின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். இவ்வகைப் பிக்கப் காற்றின் ஒலியைக் கேட்பதன்று; எஃகின் அசைவையே உணர்வது. ஆதலின் வெண்கலமோ பித்தளையோ சுற்றிய தந்திகளைப் பூட்டினால் உள்ளிருக்கும் எஃகுநரம்பு மட்டுமே உணரப்பட்டு ஒலி மெலியும். நைலான் தந்தியாயின் ஒலியே எழாது. கருவி நன்றாயிருக்கத் தந்தி தவறாயிருந்தமையால் பிக்கப்பைப் பழித்தோர் பலர்.

2. உட்குடைவு ஏன்? அதனால் வரும் இடர் யாது?

1930-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டு நடனமேளங்களில் கொம்பு வாத்தியங்களின் முழக்கத்திடையே கித்தாரின் குரல் கேளாது அமுங்கிற்று. 1931-இல் ஜார்ஜ் போசாம்ப் என்பவர் ஹவாய் கித்தாருக்குக் காந்தப் பிக்கப் அமைத்து வழிகாட்டினார். 1936-இல் கிப்ஸன் கம்பெனியார், முன்னரே வழக்கிலிருந்த வளைபலகைக் கித்தாரில் பிக்கப் பதித்து ‘ஈ.எஸ். 150’ என்ற கருவியை வெளியிட்டனர். சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் 1939-இல் பென்னி குட்மனின் குழுவிற் சேர்ந்து அக்கருவியை வாசித்தார். அதுவரை பெரும்பாலும் தாளத்துக்கே துணைநின்ற கித்தார் தனித்துப் பாடவல்லது என்பதை உலகம் அறிந்தது. அவர் 1942-இல் தம் இருபத்தைந்தாம் வயதிலேயே காலஞ்சென்றார். எனினும் அக்கருவியிற் பதித்திருந்த அலகுபோன்ற இரும்புடைய பிக்கப் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

உட்குடைவுடைய கருவியின் நயம் யாதெனின், தந்தியின் ஓசையோடு மரமும் உட்காற்றும் சேர்ந்து அசைவதால் எழும் கனிவும் மென்மையுமாம். தொடக்கத்தில் எழுச்சியுடன் பிறந்து விரைவில் அடங்கும் அந்நாதம் சொற்களுக்கிடையே இடம்விடுவது. ஆதலின் பாட்டிற்குப் பக்கவாத்தியமாக நிற்க மிகவும் ஏற்றது. அதன் இடரும் அந்நயத்திலிருந்தே பிறக்கின்றது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் முழக்கம் மேற்பலகையை அசைக்க, பலகை தந்தியை அசைக்க, தந்தியின் அசைவைப் பிக்கப் மீண்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்ப, அது முன்னிலும் பெரிதாய்த் திரும்பி வரும். இவ்வாறு வட்டமிடும் ஓசையே ஊளையாகக் கேட்கின்றது. அது பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளிலேயே தோன்றும். பெரிய குடத்தினுள்ளிருக்கும் காற்று ஐந்தாந் தந்தியின் சுருதியாகிய 110-ஐ ஒட்டி இயல்பாகவே முழங்குதல் உண்டு. இதனை விலக்கவே பிற்காலத்தார் திண்ணிய மரத்தாற் கித்தார் செய்தனர். 1958-இல் வெளிவந்த ‘ஈ.எஸ். 335’ என்ற கருவியில் நடுவே திண்ணிய மரக்கட்டையும் இருமருங்கும் குடைவுமாக ஒரு சமரசமும் செய்யப்பட்டது.

3. இரைச்சல் வேறு, ஊளை வேறு

பிக்கப் மாற்ற விழைவோர் பெரும்பாலும் வழுக்கி விழுமிடம் இதுவே. ‘சத்தம் வருகின்றது’ என்று ஒரே சொல்லாற் கூறுவர். அச்சத்தம் இரண்டு வகைப்படும். இரண்டற்கும் மருந்து ஒன்றன்று.

முதலாவது இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசைமாறி ஓடுவது. சுவர்க்கம்பிகளும் மின்மாற்றிகளும் குழல்விளக்குகளும் தம்மைச் சூழ 50, 100 ஆகிய அலைவுகளையுடைய காந்தப்புலத்தைப் பரப்புகின்றன. ஒற்றைச்சுருள் பிக்கப் தந்தியின் அசைவையும் அப்புலத்தையும் வேறுபாடின்றி வாங்கிக்கொள்ளும். யாரும் வாசியாதபோதும் வண்டுபோல் ரீங்கரிப்பது இவ்விரைச்சலே. வாசிப்பவர் திரும்பி நிற்கும் திசைக்கேற்ப அது கூடியும் குறைந்தும் வரும்.

இதற்கு மருந்து இரட்டைச்சுருள். கிப்ஸன் கம்பெனியில் பணியாற்றிய சேத் லவர் 1955-இல் உரிமைக்கு விண்ணப்பித்து 1959-இல் பெற்ற அமைப்பு இது. கருவிகளில் 1957 முதல் இடம்பெற்றது. இரண்டு சுருள்கள் அருகருகே நிற்கும். இரண்டாவது சுருளில் காந்தத்தின் முனையும் தலைகீழ். மின்னோட்டத்தின் திசையும் தலைகீழ். வெளியிலிருந்து வரும் இரைச்சல் காந்தமுனையை நோக்காது. ஆதலின் இரு சுருள்களிலும் எதிரெதிராய்ப் பிறந்து, சமநிறையுடைய இரு தட்டுக்களையுடைய தராசுபோல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றது. தந்தியின் அசைவோ முனையாலும் ஒருமுறை, திசையாலும் ஒருமுறை என இருமுறை மாறுவதால் மீண்டும் ஒரே திசைப்பட்டு இரட்டிப்பாகின்றது. ‘ஹம்பக்கர்’ என்று வழங்குவது இதுவே. அதே காலத்தை ஒட்டி ரே பட்ஸ் என்பவர் கிரெட்ச் கம்பெனிக்கென அமைத்த ‘ஃபில்டர்ட்ரான்’ என்பதும் இத்தத்துவத்தைக் கொண்டதே.

இரண்டாவது, முன்னே கூறிய ஊளை. இது மரத்தாலும் ஒலிபெருக்கியின் இடத்தாலும் வருவது. இரட்டைச்சுருள் பதித்தாலும் மரம் மரந்தான். அது அசையாமற் போகாது. ஆகவே ஊளைக்கு ஹம்பக்கர் மருந்தென்று கருதிப் பலகையை அறுப்பவர், தலைவலிக்குக் காலில் மருந்து தடவுபவரை ஒப்பர். ஊளையிலும் பிக்கப்பினால் வரும் ஒருவகை உண்டு. சுருளின் கம்பிகள் தளர்ந்திருந்தால் அவையே அசைந்து, காதைத் துளைக்கும் உச்சக்குரலிற் கீச்சிடும். சுருளை உருகிய மெழுகில் தோய்த்து இறுக்கியிருந்தால் இக்கீச்சு நீங்கும். தாழ்ந்த முழக்கமாயின் மரத்தின் குற்றம், கூரிய கீச்சாயின் சுருளின் குற்றம் என்று காதாலேயே ஒருவாறு பிரித்தறியலாம்.

4. தகாதவற்றை நீக்குதல்

இனி உத்திரமேரூரார் வழியைப் பின்பற்றி முதலில் நீக்கவேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவதாக, மனைக்குப் பொருந்தாதவற்றை நீக்குக. வழக்கமான ஹம்பக்கரின் அளவு ஏறத்தாழ 69 மில்லிமீட்டர் நீளமும் 38 மில்லிமீட்டர் அகலமும் ஆகும். சிறு ஹம்பக்கர் எனப்படுவது ஏறத்தாழ 67-க்கு 29. 1946 முதல் வழங்கும் ‘பி-90’ என்னும் ஒற்றைச்சுருள் இரண்டினும் பெரியது. வளைபலகைக்கு நேராகத் திருகும் காதுகளையுடைய பி-90 ஒருவகை, காதில்லாதது வேறுவகை. கருவியிலுள்ள துளையை நீளம், அகலம், ஆழம் என மூன்று வகையாலும் அளந்த பின்னரே கடைக்குச் செல்லவேண்டும். பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு தாங்குசட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கும். தந்திகளின் இழுவிசையாற் குதிரை பலகையை அழுத்துவதைத் தாங்குபவை அவையே. துளையைப் பெரிதாக்குவோர் அவற்றை அறுத்துவிட்டால், சில ஆண்டுகளிற் பலகை அமிழ்ந்து கருவி அழியும். துளையே வெட்டப்பெறாத பழங்கருவிகளுக்கு, விரற்பலகையின் முனையிலோ காப்புத்தகட்டிலோ தொங்கி, மேற்பலகையைத் தொடாது நிற்கும் மிதவைப் பிக்கப் உண்டு. மரத்திற்கு ஒரு கீறலும் விளைக்காதது அது.

இரண்டாவதாக, மிகுவலியுடையவற்றை நீக்குக. பெருஞ்சுற்றும் வலிய காந்தமும் கொண்ட பிக்கப்புக்கள், திண்மரக் கித்தாரில் உறுமும் ஓசை எழுப்புதற்கெனச் செய்யப்பட்டவை. உட்குடைவுக் கருவியில் அவை ஊளையை முந்தி அழைத்துவரும். அன்றியும் வலிய காந்தம் தந்திக்கு மிக அருகே நின்றால் தந்தியைத் தன்பால் இழுத்துச் சுருதியைப் பேதப்படுத்தும். அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு ஆகியவற்றை இரும்புடன் கலந்து செய்யும் அல்னிக்கோ காந்தங்களில் இரண்டாம் எண்ணுடையது மென்மையானது. ஐந்தாம் எண்ணுடையது வலியது, தெளிவானது. கனிந்த நாதம் விழைவோர் முன்னதையும், சொற்றெளிவு விழைவோர் பின்னதையும் நாடுவர்.

மூன்றாவதாக, கணக்குக் காட்டாதவற்றை நீக்குக. விற்பனையாளர் பலர் சுருளின் மின்தடையை மட்டும் ‘இத்தனை ஆயிரம் ஓம்’ என்று கூறி, எண் பெரிதாயின் வலியும் பெரிதென்பர். பழைய ஹம்பக்கருக்கும் பி-90-க்கும் மின்தடை ஏறத்தாழ 8,000 ஓம். எனினும் முன்னையது உருண்டு இனிக்கும். பின்னையது சற்றே கரகரத்து முன்னே பாயும். ஃபில்டர்ட்ரானுக்கு ஏறத்தாழ 4,000 ஓம் மட்டுமே; ஆயினும் அது நலிந்த குரலுடையதன்று. மணியோசைபோற் பளிச்சென்று ஒலிப்பது. மின்தடை என்பது கம்பியின் நீளத்தையும் தடிப்பையும் கூறுமேயன்றிக் காந்தத்தையும் சுருளின் வடிவத்தையும் கூறாது. ஆதலின் சுருளின் தூண்டல் அளவு, காந்தத்தின் வகை, தந்தியிடைவெளி, மெழுகு தோய்த்ததா இல்லையா என்னும் இவற்றையும் கேட்டறிதல் வேண்டும். சொல்லாத பொருளை வாங்காது விடுதல் நன்று.

5. எஞ்சியவற்றுள் தெரிதல்

நீக்கியபின் எஞ்சுவன சிலவே. அவற்றுள் எதனைக் கொள்வது என்பது கருவி எங்கே, எதற்காக ஒலிக்கப்போகின்றது என்பதைப் பொறுத்தது.

அமைதியான கூடத்தில், நல்ல மின்னிணைப்புள்ள இடத்தில் வாசிப்போர்க்கு ஒற்றைச்சுருள் தக்கது. விரலின் மென்மையையும் வன்மையையும் அது மறைக்காது காட்டும். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலிய பெரியோர் இயற்றிய கீர்த்தனைகளைப் பாடும் நம் சபைகளில், கித்தாரும் கமகத்தைத் தொட்டு வரவேண்டியிருக்கின்றது. தந்தியை இழுத்து வளைக்கும் அந்நுண்மை ஒற்றைச்சுருளில் துலங்கும். ஆனால் ஜெனரேட்டரும் குழல்விளக்கும் நிறைந்த கூடாரக்கூட்டத்தில் அதே பிக்கப் இரைச்சலால் நம்மை நாணச்செய்யும். அத்தகைய இடத்திற்கு இரட்டைச்சுருளே ஏற்றது. இரண்டையும் வேண்டுவோர் ஃபில்டர்ட்ரான் போன்ற மெல்லிய சுற்றுடைய இரட்டைச்சுருளையோ, சிறு ஹம்பக்கரையோ கொள்ளலாம். அவை இரைச்சலை நீக்கியும் தெளிவை இழவாதவை.

மரத்தின் அசைவையே வாங்கும் வேறொருவகையும் உண்டு. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதைக் கியூரி சகோதரர் 1880-இல் கண்டனர். அத்தத்துவத்தால் இயங்கும் ஒட்டுப்பிக்கப்பைக் குதிரையின் அடியிலோ பலகையிலோ பொருத்துவர். எவ்வகைத் தந்திக்கும் அது பயன்படும். ஆயின் மரத்தையே செவிமடுப்பதால் ஊளைக்கு எளிதில் இரையாகும்.

நம் நாட்டு வாத்தியங்களிலும் இவ்வினா எழுந்துள்ளது. வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்வது; அதனை மேடையிற் பெருக்குவோர் படிகப்பிக்கப்பும் காந்தப்பிக்கப்பும் இரண்டுமே ஆண்டுவருகின்றனர். காந்தவகையாயின் எஃகுத்தந்தி உரக்கவும் பித்தளைத்தந்தி மெலிந்தும் ஒலிக்குமாதலால் தந்தியையும் உடன்மாற்ற நேரும். மாண்டலின் யூ. ஸ்ரீனிவாஸ் (1969–2014) திண்மர மின்மாண்டலினைக் கொண்டு, இரட்டைத்தந்திகளை ஒற்றைத்தந்திகளாக்கிக் கர்நாடக இசைக்கு அதனை வசப்படுத்தினார். குடைவின்மையால் ஊளைக்கு இடமும் குறைந்தது. விஸ்வ மோகன் பட் என்பாரோ வளைபலகைக் குடைகித்தாரையே மாற்றியமைத்து மோகன வீணை எனப் பெயரிட்டு வாசித்து, 1994-இல் கிராமி விருதும் பெற்றார். ஒருவர் குடைவை விட்டார். மற்றவர் குடைவைப் போற்றினார். இருவரும் தத்தம் இசைக்கு எது வேண்டும் என்று முதலில் தெளிந்தவர்களே. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தையும், விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ்நூலையும் கண்ட நம் தமிழ்நாட்டில், தந்தியின் கணக்கை ஆராய்வது புதிய தொழிலன்று.

6. பொருத்தும் முறை

வாங்குமுன் நோயை அறிதல் வேண்டும். கித்தாரின் கேபிளை மாட்டி, ஒலிக்குமிழை முழுதும் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்ட்டிமீட்டரை வைத்து ஓம் அளவு காண்க. சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் உயிருடன் இருக்கின்றது. எல்லையற்ற தடையோ, குமிழுக்குரிய பல நூறாயிரம் ஓமோ காட்டினால் சுருளோ இணைப்போ அறுந்தது. சுழியத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ குறுக்கிணைப்பு. பற்றவைப்பு விட்டுப்போனதை அறியாமல் நல்ல பிக்கப்பைக் கழற்றி எறிந்தோர் உளர்.

உட்குடைவுக் கருவியிற் பின்புறம் மூடி இராது. ஒலிக்குமிழ்களையும் கம்பிகளையும் பலகையின் பக்கத்துளை வழியே வெளியெடுத்து, அதன் வழியே மீண்டும் செலுத்தவேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நீண்ட நூலொன்றைக் கட்டி, நூலின் மறுமுனையை மேற்றுளைக்கு வெளியே விட்டுவைத்தல் வேண்டும். வேலை முடிந்தபின் நூலை இழுக்கத் தண்டு தன் துளைக்குத் தானே வந்து சேரும். இந்நூலை மறந்தவர் அரைநாளை இழப்பர். ஈயப்பற்று வைக்குங்கால் அமிலக் களிம்பை ஆளாது, குங்கிலியம் உள்ளடங்கிய ஈயக்கம்பியையே ஆள்க. அமிலம் மெல்லிய கம்பியை அரிக்கும். குமிழ்கள் ஐந்நூறாயிரம் ஓம் அளவினவாயின் இரட்டைச்சுருளின் தெளிவு காக்கப்படும்.

ஒரு பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் மாற்றுவோர், உலோக மூடியின் தரைக்கம்பி தனியே பிரிந்திருக்கும் புதுப்பிக்கப்பை வாங்குவதே அறிவுடைமை. இரண்டையும் ஒருங்கே ஒலிக்கச் செய்யும்போது ஓசை மெலிந்து மூக்காற் பாடுவதுபோற் கேட்குமாயின், இரண்டும் எதிர்முகமாய் நிற்கின்றன என்பது பொருள். புதியதன் இரு கம்பிகளை இடம்மாற்றினால் அது நீங்கும். தரைக்கம்பி பிரிந்திராவிடில் இம்மாற்றம் எளிதன்று.

7. உயிர்க்காப்பு

இப்பகுதியை யாவரும் கருத்துடன் வாசிக்க வேண்டுகின்றோம். கித்தாரின் தந்திகள், தந்திப்பிடியின் வழியாகத் தரைக்கம்பியோடு இணைக்கப்பட்டுள்ளன. ஒலிபெருக்கி முறையாகத் தரையிணைப்புப் பெற்றிருந்தால் அது நன்மை. சிற்றூர்களிலோ மூன்றுமுள் செருகியின் தரைமுள்ளை ஒடித்தும், இருமுள் துளையில் வலிந்து நுழைத்தும் காரியம் நடத்துகின்றனர். அப்போது பழுதுற்ற ஒலிபெருக்கியின் மின்சாரம் தந்தியிலும் ஒலிவாங்கியிலும் வந்து நிற்கக்கூடும். ஒருகை தந்தியிலும், மறுகையோ உதடோ ஒலிவாங்கியிலும் பட்டால் மின்சாரம் உடலின் ஊடே பாயும். 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸி நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கித்தார்க் கலைஞர், தரையிணைப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிர்நீத்தார். இரைச்சலைக் குறைக்கவேண்டித் தரைமுள்ளை நீக்குவோர் இதனை நினைத்தல் வேண்டும். வால்வு பொருந்திய ஒலிபெருக்கிகளோ செருகியைக் கழற்றிய பின்னும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தம்முள் தேக்கிவைத்திருப்பன. பயின்றோரல்லாதார் அவற்றைத் திறத்தலாகாது.

8. முடிவு

தொடக்கத்திற் கூறிய கித்தாருக்கு வருவோம். யாம் அதனை மேசைமேற் கிடத்தி அளந்தபோது, விரற்பலகையருகேயுள்ள பிக்கப் 6,000 ஓமுக்குச் சற்று மேல் காட்டிற்று. அதற்கு யாதொரு குறையும் இல்லை. தந்திமாற்றி நெம்புகோலில் ஒரு பற்று விட்டுப்போனமையால் அது வாய்திறவாது கிடந்தது. குதிரையருகேயுள்ளது மட்டுமே சுருள் அறுந்து ஓய்ந்தது. துளையின் அகலம் 30 மில்லிமீட்டர். ஆகவே பெரிய ஹம்பக்கரும் பி-90-உம் தாமே விலகின. சிறு ஹம்பக்கர், மெழுகு தோய்த்தது, தரைக்கம்பி பிரிந்தது, மிகுவலியற்றது என்னும் நான்கு தகுதிகளையும் எழுதிக்கொடுத்தோம். அவ்விளைஞர் அதன்படி ஒன்றே ஒன்று வாங்கிவந்தார். முதல்முறை பூட்டியபோது இரண்டும் எதிர்முகமாய் நின்று மூக்காற் பாடின. கம்பியை மாற்றச் சீரடைந்தன. இரம்பம் தேவைப்படவில்லை.

ஊளைக்கு யாம் செய்தது அதனினும் எளிது. அவ்வாராதனையில் ஒலிபெருக்கியை வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னே வைத்திருந்தனர். அதனைப் பக்கவாட்டில் நகர்த்தி, மேற்பலகையை நோக்காதவாறு திருப்பி, தாழ்சுருதிக் குமிழைக் குறைத்து, பக்கத்துளைகளுக்குள் மெல்லிய பஞ்சுறையைச் செருகினோம். செலவு ஒன்றுமில்லை. தரைமுள் ஒடிந்த செருகியை மாற்றி, கோயிலின் தரையிணைப்பைச் சீர்செய்வதற்கு மட்டும் சபையார் மின்பணியாளர் ஒருவரை அமர்த்தினர். உண்மையிற் செலவிடத்தக்க இடம் அதுவே.

அடுத்த உயிர்த்தெழுந்த திருநாளின் விடியற்காலை ஆராதனையில் அக்கித்தார் மீண்டும் ஒலித்தது. விற்றுவிடலாம் என்றுரைத்த மூப்பர் ஒருவர் ஆராதனை முடிந்ததும் கருவியின் அருகே வந்து, பலகையை மெல்லத் தட்டிப்பார்த்து, “தம்பி, மழைக்காலத்தில் இதை எங்கே வைப்பாய்?” என்று மட்டும் கேட்டார். அவருடைய வீட்டில் ஓதமில்லாத மர அலமாரி ஒன்று உண்டென்பதை யாம் பின்னர் அறிந்தோம்; கித்தார் இப்பொழுது அங்கேதான் வைக்கப்படுகின்றது.

நம் மாணவருட் பலர் விடுமுறையிற் சொந்த ஊர் செல்லுங்கால், இத்தகைய ஓய்ந்துபோன கருவிகளை ஆலயத்தின் மூலையிலும் வீட்டின் பரணிலும் காண்பர். அவர்கள் கையில் மல்ட்டிமீட்டரும், ஓர் அளவுகோலும், சிறிது நூலும் இருப்பின் போதும். முதலில் அளந்து, பின்னர் விலக்கி, அதன்பின்னரே தெரிக. இரம்பத்தை எடுப்பதற்கு ஒருபோதும் விரையாதிருக்க.